நைனாவின் நெஞ்சு டப்பா

என்னைப் பெற்ற நைனாவுக்கு இடது மார்பின் மேல்பக்கம், தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் மெட்ராசில் வைத்த பேஸ்மேக்கர். வைத்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லி அனுப்பினார்: "உடம்பு குலுங்கினா ஆள் நடக்கிறார்னு இது நெனச்சுக்கும், துடிப்பைக் கூட்டும். மேல தட்டினாகூட அப்படித்தான் ஏமாந்துடும். ஆனா பாரம் தூக்கிக்கிட்டு அசையாம நின்னா இதுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படி மட்டும் நிக்காதீங்க."

இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? உத்திரமேரூர் பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடையில் ஆரம்பித்து ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார். பாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தட்டினால் ஓடும் என்பதை மட்டும் பெருமையாகச் சொன்னார்.

அவர் கூலிக்குப் போன பண்ணைக்காரனுக்கு (மரியாதை கேட்காதீர்கள், தரமாட்டேன்) அது நல்ல வேடிக்கையாகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், நைனாவுக்கு ஆள் வரும். களத்தில் சட்டையைத் திறந்துகொண்டு நிற்பார். பண்ணைக்காரன் எங்கள் காலனி ஆட்களைக் கையால் தொடமாட்டான். பேனாவால் அந்த மேட்டில் டொக் டொக்கென்று தட்டுவான். டிராக்டர் டிரைவர் நைனாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஓடுதுங்க, ஓடுதுங்க!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நைனாவும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா நைனா, நீ இன்னா சந்தை மாடா?"

"தட்டிட்டுப் போறாரு, வுடும்மா. மோட்டார் கொட்டாயில குந்திக்கினு பாக்குற வேல தரேன்னு சொல்லிக்கினு கீறாரு."

மண்வெட்டி பிடிக்க இனி அவரால் ஆகாது. அந்த வேலை இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காகத்தான் பல்லைக் காட்டினார்.

அறுப்பு முடிந்த சமயம். நான் களத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரன் நைனாவைக் கூப்பிட்டான்.

"கொட்டாயில உர மூட்டையும் எறக்கணும்டா. எங்க, இந்த மூட்டைய தலயில வச்சிக்கினு அப்டியே நில்லு. நின்னா வேல உன்னுது."

டிரைவர் நெல் மூட்டையை ஏற்றிவிட்டான். நைனா நின்றார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தது. தலையில் பாரம் இருப்பது டப்பாவுக்கு எப்படித் தெரியும்? ஆள் ஓய்வாக இருக்கிறார் என்று அது மெதுவாகத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தது.

"நடந்துகினே இரு நைனா! காலயாச்சும் ஆட்டு!" என்று கத்தினேன்.

நைனா ஒரு காலைத் தூக்கினார்.

"அசையாதடா!" என்றான் பண்ணைக்காரன்.

தூக்கிய காலைத் திரும்ப வைத்தார். பாவி மனுஷன், என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதா! மூட்டையோடு மண்ணில் சரிந்தார்.

ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தேன். கண் திறந்ததும் நைனா என்னைப் பார்க்கவில்லை. தன் விரலாலேயே நெஞ்சு மேட்டை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டார். பிறகு கையைப் பண்ணைக்காரனிடம் நீட்டினார்.

"ஓடுது ஆண்டே. புட்சிப் பாருங்க, நல்லா ஓடுது."

அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "வேற ஆளு பாருடா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். நைனாவின் கை நீட்டியபடியே இருந்தது. நான்தான் பிடித்துப் பார்த்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.