தழும்பில்லாத கழுத்து

ஈப்போ மார்க்கெட்டில் மைக் இல்லாமல் மீன் விற்றவன் நான். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கூவிக் கூவியே முதலாளி ஆனேன். என் சத்தத்துக்கு ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். பொய்யில்லை.

போன வருஷம் கழுத்தின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்று இல்லை, நரம்பில் வளரும் அபூர்வமான கட்டி என்றார் டாக்டரம்மா.

"எனக்கு வந்தா சாதாரணக் கட்டியா வரும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குரலுக்குப் போகும் நரம்பிலேயே அது உட்கார்ந்திருக்கிறதாம். எடுத்தால் குரல் போகலாம், விட்டால் வளர்ந்து அழுத்தும். காதுக்குப் பின்னால் முடிக்குள் சின்னதாகக் கீறி, கேமரா வைத்த குழாயை விட்டு எடுப்பார்களாம். கழுத்தில் தழும்பே தெரியாதாம். நான் தழும்பையா கேட்டேன்?

கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது. குரலும் அதோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் பஞ்சரான டயர் மாதிரிக் காற்றுதான். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேட்கும், அங்கிள். இனிமே கூவ முடியாது."

மார்க்கெட்டுக்குப் போனேன். எதிர்க்கடைக் கோழிக்காரன், "அண்ணே, சாப்டாச்சா?" என்றான். பதில் சொன்னேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

"பாத்தியா மச்சான்," என்றான் தன் கூட்டாளியிடம். "பெரிய தவுக்கே, பெரிய மொதலாளி ஆயிட்டாரு, நம்மகிட்டலாம் பேச மாட்டாரு லா!"

"ஆப்பரேஷனாம். கழுத்துல ஒரு கோடுகூட இல்லியே!" என்றான் கூட்டாளி.

காலமெல்லாம் பெருமை பேசியவன் வாயை மூடினால் வேறென்ன நினைப்பார்கள்?

வீட்டில் மனைவி சொன்னாள்: "ஒரு பிளாஸ்டர ஒட்டிக்கிட்டுப் போங்க. அப்பத்தான் நம்புவாங்க."

"காயமே இல்லாத எடத்துலயா?"

"ஆங்?" என்றாள். மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது தினமும் காலையில் அவளே ஒட்டிவிடுகிறாள். கோழிக்காரன் என் கழுத்தைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி, எதுவும் கேட்பதில்லை. மீனை என் மருமகன் கூவுகிறான். அவன் சத்தம் அடுத்த வரிசைக்குக்கூட எட்டாது. அதையாவது சொல்லிக்காட்டலாமென்று வாயைத் திறக்கிறேன்.