பாதிச் சுவரில் ஒரு கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் யாருக்கும் முழுசாகச் சொந்த மாடு கிடையாது. ஓவிய நோட்டில் வரைகிற மாட்டைத்தான் சொல்கிறது. கால் டிராயிங் டீச்சர் போட்டது, கொம்பும் டீச்சர் போட்டது, முதுகு வளைவு டீச்சர் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டது. பிள்ளையின் கைவண்ணம் என்று மிஞ்சியது வால் மட்டும். அதுவும் மணி அடித்துவிட்டதால் தப்பித்த வால். ரப்பர் டீச்சர் என்று பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷமாக அவள் மேசையிலிருந்து ஊதித் தள்ளிய ரப்பர் தூளைச் சேர்த்து வைத்திருந்தால் இரட்டைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை தைத்திருக்கலாம். தலையணைக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

வாய்த்த கணவரும் அதே ரகம். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு ஒற்றுப்பிழை கண்டுபிடித்து அச்சுக்குத் திருப்பி அனுப்பினவர். அது திரும்பி வருவதற்குள் கல்யாணம் முடிந்து, பெண்ணுக்கு மசக்கையே வந்துவிட்டது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மகள் கடைச் சீட்டில் ‘உருளைகிழங்கு’ என்று எழுதி வைத்தால், கடைக்குப் போவதற்குள் நடுவில் ஒரு ‘க்’ சிவப்பு மையில் முளைத்திருக்கும். “இந்த வீட்ல தும்மினாக்கூடத் திருத்தித் தும்மச் சொல்லுவாங்க” என்பாள் மகள்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் ஓவிய சிகிச்சை முதுகலைப் படிப்பில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா. அவர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாரம் ஒரு நாள் ஒரு பெண் கிரேயான் டப்பாவோடு வருவாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர், அவள் வந்தால் எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் வட்டம் வட்டமாகப் போடுவார். போட்டு முடித்தால் முகம் தெளிந்திருக்கும். என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று டீச்சர் அந்தப் பெண்ணை மடக்கிக் கேட்டாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள் அவள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வேலையா? பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி அந்தப் பதில் இரண்டு வருஷம் உறுத்தியது. அப்பா வீடு திரும்பி, பழையபடி செய்தித்தாளோடு சண்டை போட ஆரம்பித்த பிறகும் உறுத்தல் போகவில்லை. பள்ளியில் இரண்டு வருஷம் விடுப்பு கேட்டாள். கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். இவளும் பழக்க தோஷத்தில் உட்காரச் சொன்னாள். மூன்று பேர் வருகைப் பதிவுக்குக் கை தூக்கிவிட்டார்கள். நிஜமான பேராசிரியர் வந்து சேர்ந்தபோது அவர்தான் வகுப்பு மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

படிப்பில் புத்தகம் அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. வாய்தான் பாடு. நோயாளியின் படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இப்படிப் போடலாமே என்று சொல்லக் கூடாது. ‘இதைப் பத்திச் சொல்றீங்களா’ என்று கேட்டுவிட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பழகினாள். வெளியே கிளம்பின கணவர், சட்டை எப்படி என்று கேட்டபோது, “இந்தச் சட்டையைப் பத்திச் சொல்றீங்களா?” என்றாள். அவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் வருஷம் களப்பயிற்சி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களைத் தேற்றி நடக்க வைக்கிற வார்டு, மூன்றாவது மாடி. முன்பு மாவுக்கட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு துடைத்தாலும் ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் தூள் படியும். ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, ஒரு அலமாரி. அலமாரியில் ஆளுக்கொரு கோப்பு. படத்தின் பின்பக்கம் தேதி போட்டு, எண் போட்டு அதில் வைக்க வேண்டும். அது தவிர, வரைந்தவரைத் தவிர வேறொரு கை அந்தத் தாளில் படக் கூடாது.

அறுநூறு மணி நேரப் பயிற்சி போக, ஒரே ஆளோடு எட்டு அமர்வு உட்கார்ந்து, அதை ஒரு ஆய்வாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் கடைசி வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிடமாட்டார்கள். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். அவளுக்கோ அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. பள்ளி மணி அடித்துவிடும். திரும்பப் போய் மாட்டுக்குக் கால் போட வேண்டியதுதான்.

அவளுக்கு வாய்த்தவர் ஒரு கிரேன்காரர். ஐம்பது வயது. அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் ஆகாசத்துக்கும் பூமிக்கும் நடுவில் இருபது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். மேகம் போகிறபோது கொஞ்சம் ஒதுங்கிப் போகச் சொல்லுவாராம் என்று வார்டில் ஒரு கதை உண்டு. ஒரு நாள் வேலை முடித்து இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பும் இடது மணிக்கட்டும் போயின. எலும்பு கூடிவிட்டது; பேச்சு கூடவில்லை. நர்ஸ் எது கேட்டாலும் புருவத்தால் பதில். வலது புருவம் ஏறினால் ஆமாம், இரண்டும் இறங்கினால் போய் வேலையைப் பார். உடற்பயிற்சி சொல்லித் தருகிற அம்மா முயன்று பார்த்துத் தோற்று, ஓவிய அறைக்கு அனுப்பி வைத்தாள்.

திங்களும் வியாழனும் அமர்வு. ஐந்து அமர்வு வரை கோடும் கட்டமும்தான். ஆறாவது அமர்வில் ஒரு நீளமான சுவர் எழுப்பினார், தாளின் அடியிலிருந்து உச்சி வரைக்கும். வீடு வருகிறது என்று டீச்சருக்கு உள்ளுக்குள் பரபரத்தது. சுவரில் பாதிக்கு மேலே ஒரு கதவு போட்டார். அதற்குக் கீழே படி இல்லை, ஒன்றும் இல்லை. அந்தரத்தில் ஒரு கதவு. பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கை தானாகத் தாளுக்குப் போய்விட்டது. இழுத்த இழுப்பில் சுவரின் அடியில் ஒரு ஒழுங்கான கதவு, கைப்பிடி, ஏறிப் போக ஒரு படி. கை போன வேகத்துக்குப் புத்தி பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. கிரேன்காரர் திரும்பித் தாளைப் பார்த்தார். ஒற்றை விரலால் அதை மேசையின் அந்தக் கோடி வரை நகர்த்தினார். சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். புருவம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. வரமாட்டாராம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஆய்வுக்கு மாதக் கடைசிதான் கெடு. அதற்குள் இரண்டு அமர்வு பாக்கி. மாதம் முடிய எட்டே நாள்.

அன்று சாயங்காலம் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆறாவது அமர்வின் அறிக்கையை எழுதினாள். ‘நோயாளி சோர்வாக இருந்ததால் அமர்வு முன்னதாகவே முடிந்தது’ என்று அழகாக ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. நோயாளி விஷயத்தை வெளியாள் படிக்கக் கூடாது என்பது விதி. அதனால் கணவர் மேசையின் எதிர்ப்பக்கம், தாளைப் பார்க்காமல், அச்சுப்படியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுதின தாள் ஒன்று எதிரில் இருந்தும் பார்க்க முடியாமல் இருப்பது அவருக்குப் பட்டினி கிடப்பது மாதிரி.

“ஒற்றெல்லாம் சரியா இருக்கா?” என்றார் கடைசியில், தலையைத் தூக்காமல்.

“ஒற்றெல்லாம் சரியாத்தான் இருக்குங்க. விஷயம்தான் பொய்.”

“அது என் இலாகா இல்ல” என்று பேனாவை மூடினார். மூடினவர் எழுந்து போகவில்லை. யாரைப் பற்றி, என்ன என்று சொல்லாமல், அடுத்தவர் வேலையில் கை வைத்துவிட்டேன் என்று மட்டும் அவள் சொன்னாள். அழித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடலாமா என்று கையில் ரப்பர் எடுத்ததையும் சொன்னாள். அவர் தன் அச்சுப்படியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுதினவர் எழுதினது அப்படியே தெரிந்தது. இவர் திருத்தம் ஓரத்தில் தனியாகச் சிவப்பில் நின்றது.

“நாங்க அழிக்கறதே இல்ல. அழிச்சுட்டா எது அவரு எழுதினது, எது நான் கை வெச்சதுன்னு நாளைக்கு யாருக்கும் தெரியாது. ரெண்டும் தெரியணும். அவரு பாத்துட்டு வேணாம்னா, என்னோடதைத்தான் எடுக்கணும்.”

இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். முதல் வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

பயிற்சியை மேற்பார்க்கிற மேடம் டீச்சரை விடப் பத்து வயது சின்னவள். முதல் நாளிலிருந்து வாய்க்கு வாய் அக்கா என்பவள். அறிக்கையைப் படித்துவிட்டு அவள் பேசினபோது அக்கா காணாமல் போயிருந்தது. ஒரு தடவை, ஒரே தடவை, அவர் கட்டிலுக்குப் போய் நடந்ததைச் சொல்லலாம் என்றாள்.

“சொல்லிட்டு வந்துடணும். வாங்கன்னு கூப்பிடக் கூடாது. என் படிப்பு போயிடும்னு வாயத் திறக்கவே கூடாது. வர்றதும் வராததும் அவர் இஷ்டம். வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதுங்களா?”

புரிந்தது. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். கிரேன்காரர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். தாளை எடுத்து அவர் பார்வைக்கு நேராகப் பிடித்தாள்.

“இந்தக் கீழ்க் கதவு நான் போட்டது. வீட்டுக்கு வாசல் வேணுமேன்னு உங்களைக் கேக்காமப் போட்டேன். படம் உங்களோடது. அழிச்சுடலாம்னு பாத்தேன். அதுவும் கேக்காமச் செய்யறதுதானேன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் வாயைத் திறந்தார். ஏழு வாரம் பூட்டிக் கிடந்த குரல், துருப்பிடித்த கீல் மாதிரி கரகரத்து வந்தது.

“வீடுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உண்மையை எழுதுகிறேன் பேர்வழி என்று எழுதின அறிக்கையிலும் ‘வீடு’ என்றுதான் எழுதியிருந்தாள்.

“கிரேன் கம்பம் அது. மேல இருக்கறது என் கேபின் கதவு. அறுபது மீட்டர். இருபது வருஷத்துல மேனேஜர்கூட அங்க வந்ததில்ல. கீழ கதவைத் தொறந்து வெச்சா, வர்றவன் போறவன் எல்லாம் ஏறி வருவான்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேலே ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினாள். கோப்பைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணி. தாள் விரித்து, பென்சில் சீவி, கிரேயானை வண்ணவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள். பத்தேகால். ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். வியாழன் எட்டாவதாக வேண்டுமென்றால் இன்றைக்கு ஏழாவது நடந்தாக வேண்டும். பள்ளியில் தன் மேசை இழுப்பறை லேசில் திறக்காது, எண்ணெய் விட்டால் சரியாகும் என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டாள். பத்து இருபத்தைந்துக்கு வராந்தாவில் சக்கரச் சத்தம் கேட்டது.

மடியில் கோப்போடு கிரேன்காரர் வந்தார். வந்ததும் படத்தை எடுக்கவில்லை. முதலில் ஒரு ஒப்பந்தம் என்றார். வேலை நடக்கிற இடத்தில் கீழே நிற்கிற ஆள் கையைக் காட்டினால்தான் மேலே இவர் நகர்த்துவார். தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாவற்றுக்கும் அதற்கென்று வைத்த ஆள்தான் காட்ட வேண்டும். நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டு வருகிறவர் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, பக்கவாட்டில் ஒரு வீசு வீசிக் காட்டினார்.

“நான் இப்படிக் காட்டினா நீங்க நிறுத்தணும்.”

“சரிங்க.”

“ஏன்னு கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

பிறகு தாளை விரித்தார். அவள் போட்ட கதவை நெடுநேரம் பார்த்துவிட்டு அதன் மேல் ஒரு பூட்டு வரைந்தார். கதவைவிடப் பூட்டு பெரிசு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உச்சியிலிருந்து கிரேனின் நீளக் கையை இழுத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, பாதியில் தடித்து, கடைசியில் கொக்கி வேறு தலைகீழாக வந்தது. டீச்சரின் விரல்கள் மேசை மேல் எறும்பு மாதிரி பென்சிலை நோக்கி ஊர்ந்தன. அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கையை நீட்டி ஒரு வீசு வீசினார். விரல்கள் நின்ற இடத்தில் நின்றன.

“இதைப் பத்திச் சொல்றீங்களா?” என்றாள்.

சொன்னார். மேலேயிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியமாட்டார்கள், மஞ்சள் தொப்பிதான் தெரியும் என்றார். காற்று அடிக்கிறபோது கேபின் ஆடுவது தூளி ஆடுவது போலத்தான் இருக்கும் என்றார். பேச்சு நடுவில் மேல் கதவிலிருந்து ஒரு ஏணி இறக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் அழுத்திப் போட்டார். தரைக்கு நாலு படி இருக்கையில் பென்சில் நின்றது. இங்கேதான் விழுந்தேன் என்றார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நேரம் முடிந்ததும் பென்சிலை டப்பாவில் போட்டார்.

“மிச்சப் படி வியாழக்கிழமை” என்று நாற்காலியைத் திருப்பினார்.

அவர் போன பிறகு அவள் தாளைப் பார்த்தாள். அந்தரத்தில் நின்ற ஏணிக்குக் கீழே நாலு படி இடம் காலியாக இருந்தது. தாளைக் கவிழ்த்து, பின்பக்கம் தேதி போட்டு, கோப்பில் வைத்தாள்.