பாலத்து ஜாமில் ஒரு கொலை

இன்று காலை, ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ். பாலத்தில் வழக்கமான ஜாம். தூறலில் கடலும் வானமும் ஒன்றாகக் கிடந்தன.

மடியில் ஒரு பழைய துப்பறியும் நாவல். 1930களில் ஒரு பெண்மணி எழுதியது. ஒரு பங்களா, ஒரு விருந்து, காப்பியில் விஷம்.

பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"இருங்க லா, எனக்கு இன்னும் ரெண்டு வரி இருக்கு."

பக்கத்து சீட் அக்கா. தொழிற்சாலைச் சீருடை. எப்போதிலிருந்து என்னோடு சேர்ந்து படிக்கிறார் என்றே தெரியவில்லை!

அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் தலையசைத்த பிறகுதான் திருப்பினேன். பஸ் நகரவில்லை. நாங்கள் மட்டும் அந்தப் பங்களாவின் மாடிப்படியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தோம். எழுதியவர் மறைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இருந்தும் எங்கள் இருவர் மூச்சும் அவர் கையில்தான் இருந்தது.

கடைசி அத்தியாயம் வந்தபோது பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுச் சாவடியும் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கி வரிசை பிடிக்க ஓடினோம். அக்கா வேறு வரிசையில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்தே கத்தினார்:

"தங்கச்சி, டாக்டர்தான் கொன்னுருக்கான்! பாருங்க!"

தமிழ் தெரிந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

மாலையில் திரும்பும்போது புத்தகத்தைத் திறந்தேன். தனியாகப் படிப்பது அக்காவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது. மூடிவிட்டேன்.

நாளைக்கும் பாலத்தில் நல்ல ஜாம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஜொகூர்க்காரி நான்தானா?