ட்ரெபிளைக் குறைத்தது நான்தான்

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு பேஸ் கிட்டார் வந்தது 1991 டிசம்பரில், மழை விட்டு ரோட்டோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றுகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பஸ்ஸிலிருந்து முதலில் என்னைவிட உயரமான ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. அடுத்து ஒரு கறுப்புப் பெட்டி. கடைசியில்தான் சித்தப்பா இறங்கினார். சென்னைக்குப் போய் அரை நாள் கடையில் நின்று வாங்கி வந்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, சித்தி எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டிகளுக்கான இரும்புத் தகடுகளை அடித்து வளைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ஷிப்ட் என்றால் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவரும் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிப்பார்.

நன்றாகவே வாசிப்பார். ஆனால் அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும், யாரும் கேட்காமலே தன் கிட்டாரைக் குழுவில் இருந்த இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் தான் பேஸ் கிட்டார்தான் வாசிக்கப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டால், நம் சர்ச்சில் பேஸ் இல்லை, அதனால் என்றார். நம் சர்ச்சில் மின்விசிறிகூடத்தான் இல்லை என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பளபளவென்று ரத்தச் சிவப்பில் கிட்டார் வெளியே வந்தது. அம்மா குனிந்து ஒரு முறை பார்த்தாள், விரலை வைத்து எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

"இன்னா தம்பி, நாலு கம்பிதான் கீது? பழசுல ஆறு இருந்துச்சே."

பில் கையில் இருக்கும்போதே கொண்டுபோய் மாற்றிவிடும்படி அவள் அக்கறையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்ற முடிவுக்கே வந்தார்கள். இது ராகம் வாசிக்கிற வாத்தியம் இல்லை, பாட்டுக்கு அடியில் தரைபோல இருக்கும், தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால்தான் இல்லாதது தெரியும் என்று சித்தப்பா விளக்கினார். தனியாகக் கேட்காத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியின் பிளக்கில் மூன்று பின் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலோ இரண்டு ஓட்டை. சித்தப்பா பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு வயரையும் ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கினார். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். அடுப்படி அலமாரியில் இருந்த தட்டுகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. ஒரு தம்ளர் விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. எனக்கு அடிவயிற்றில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சித்தப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததையும் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

தொல்லை மறுநாள் தொடங்கியது. பெட்டியின் முன்பக்கத்தில் நான்கு திருகுகள் இருந்தன. வால்யூம், பேஸ், மிடில், ட்ரெபிள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். சித்தப்பா முதலில் எல்லாவற்றையும் ஐந்தில் வைத்தார். வாசித்துப் பார்த்துவிட்டு, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது என்றார். மெல்லிய, கூர்மையான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை ஆறாக்கினார், ஏழாக்கினார். இரண்டு நாளில் அது பத்துக்குப் போய்விட்டது. அந்த ஆழமான சத்தத்துக்கு மேலே இப்போது சிமென்ட் தரையில் சங்கிலியைப் போட்ட மாதிரி ஒரு சலசலப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் கம்பியில் உரசுவதுகூடக் கீச்சென்று கேட்டது. அவர் வாசிக்காதபோதும் பெட்டியிலிருந்து ஸ்ஸென்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அம்மா அந்த இரைச்சலைப் பற்றிச் சொன்னபோது, எந்த இரைச்சல் என்று கேட்டார்.

குறை பெட்டியில் இருக்கலாம் என்று அதை முக்காலியில் ஏற்றினார், அரிசி மூட்டைமேல் வைத்தார், மூலைக்குத் தள்ளினார். புதுக் கம்பியில்தான் குறை என்று ஒரு நாள் சொன்னார். கரண்ட் குறைவாக வருகிறது என்று இன்னொரு நாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தி மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். யாராவது பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டால், சித்தி அவர் கையைத் தொட்டு, கூப்பிடுகிறார்கள் என்பாள். வாசிக்கும்போது அவருக்கு உலகமே தெரியாது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார். நான் ஞாயிறு பள்ளியில் நன்றாகப் பாடுகிறவள், எனக்கு நல்ல காது என்று பேர். ஒரு பாட்டின் பேஸ் பகுதியை முழுக்க வாசித்துவிட்டு, எப்படி என்றார்.

"காது கூசுது சித்தப்பா. தகரத்தச் சொரண்டறாப்பல கீது" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. "உனுக்கு இன்னா தெரியும்? இப்பதான் கொஞ்சமாச்சும் தெளிவா வருது" என்று அதட்டினார். என்னை அதற்கு முன் அவர் ஒரு தடவைகூட அதட்டியதில்லை. நான் எழுந்து உள்ளே போய் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று அழுதேன். மறுநாள் கேட்டபோது, நல்லா கீது என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படியே சொன்னேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபம் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் சர்ச்சில் பாட்டு ஆராதனை. பாடகர் குழுவை நடத்தியவர் ஆர்கன் வாசிக்கும் டீச்சர். குரலை உயர்த்தாமலே எல்லாரையும் நடுங்கவைப்பார். ஒத்திகையில் சித்தப்பா நான்கு வரி வாசிப்பதற்குள் ஆர்கனை நிறுத்திவிட்டார். சத்தம் பாட்டை அறுக்கிறது, குறைக்க முடியுமா என்று கேட்டார். சித்தப்பா வால்யூமைக் குறைத்தார். வால்யூம் இல்லை, அந்தக் கீச்சு என்றார் டீச்சர். சித்தப்பாவுக்கு அது விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்றால் இந்த வருஷம் பேஸ் இல்லாமலே பாடிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்து சித்தப்பா கிட்டாரை மூலையில் சாய்த்து வைத்தார். நாம் வாங்கினது அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று சாப்பிடும்போது ஒரே ஒரு தரம் சொன்னார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆராதனையில் மூன்றாவது பாட்டில் நாலு வரி நான் தனியாகப் பாட வேண்டும். என் நாலு வரிக்கு வெறும் ஆர்கன்தான், முடிந்ததும் பேஸ் சேர்ந்துகொள்ளும். ஒத்திகையில் பெட்டியின் அந்த ஸ்ஸென்ற இரைச்சல் என் குரல் மேல் படிந்ததில் நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்றவோ, சபையின் நன்மைக்காகவோ அதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் காப்பாற்ற நினைத்தது என் நாலு வரியை.

ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். கறுப்புப் பெட்டி என் காலடியிலேயே இருந்தது. தொடங்குவதற்கு முன் சித்தப்பா தண்ணீர் குடிக்க வெளியே போனார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து ட்ரெபிளைப் பத்திலிருந்து நாலுக்குத் திருப்பினேன். கை போகிற போக்கில் பேஸை ஆறாக்கினேன். நிமிர்ந்தால், பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழே குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

முதல் பாட்டில் பேஸ் வந்தபோது சர்ச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீச்சு இல்லை, சலசலப்பு இல்லை. வழவழவென்று, கனமாக, எங்கள் காலுக்கடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். ஐம்பது பேரின் பாட்டும் அதன்மேல் ஏறி நின்றது. ஆர்கன் டீச்சர் வாசித்துக்கொண்டே சித்தப்பா பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். அவர் அப்படி யாருக்கும் தலையசைத்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பா மட்டும் சந்தோஷமாக இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கம்பிகளைத் தடவிப் பார்த்தார். திருகுகளைப் பார்க்கக் குனிவார் என்று பயந்தேன். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவர் ஓரடி முன்னால் வந்து முழங்காலைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கடைசிப் பாட்டு வரை அப்படியே, காலை எடுக்காமல் நின்று வாசித்தார்.

என் முறை வந்தது. நாலு வரியையும் பிசகில்லாமல் பாடினேன்.

ஆராதனை முடிந்து ஆளாளுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீச்சரே வந்து, ஈஸ்டருக்கும் இதே மாதிரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் கலைந்த பிறகு பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் திருகுகளைப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் போனேன்.

"நீயா திருப்புன?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சா? பொய் சொல்லாம சொல்லு."

"சூப்பரா கேட்டுச்சி சித்தப்பா."

வயரைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தார். "சரி. இனிமே நீயே வெச்சிடு. நான் தொடல" என்றார்.

அதன்பிறகு நான் காலேஜுக்குப் போகும் வரை, எட்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் திருகுகளை வைத்தது நான்தான். சித்தப்பாவையே ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. என் காதுதான் சர்ச்சுக்கே காது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, செங்கல்பட்டில் ஒரு காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பரிசோதனை செய்த பெண் ஒரு தாளைக் காட்டினாள். கனத்த சத்தங்கள் இருக்கும் இடதுபக்கம் கோடு நேராக வந்து, கீச்சான மெல்லிய சத்தங்களுக்குப் போகப்போகச் சரிந்து இறங்கியிருந்தது. தகடு அடிக்கும் மிஷினில்தான் வேலை என்று சொன்னதும், எத்தனை வருஷம் என்று கேட்டாள். இது இப்போது வந்தது இல்லை, ரொம்பக் காலமாக இருக்கிறது என்றாள். சித்தப்பா மறுக்கவில்லை.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார். தொண்ணூறாம் வருஷமே அவருக்குத் தெரியுமாம். கிட்டாரில் மெல்லிய கம்பிகளின் சத்தம் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்ததாம். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் மிஷின் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கம்பெனியில் மூச்சு விடவில்லை. வீட்டில் சித்திக்கு மட்டும் தெரியும். தனக்கு மிச்சமிருந்த சத்தத்தில் வாசிக்க ஒரு வாத்தியம் வேண்டும் என்றுதான் பேஸுக்கு மாறினாராம். அதிலும் தெளிவு பத்தாமல்தான் ட்ரெபிளைத் திருகியிருக்கிறார். நான் அதைக் குறைத்த அன்று, பெட்டியின் அதிர்வை முழங்காலில் வாங்கித்தான் வாசித்தாராம்.

"அன்னிக்கு சர்ச்ல நான் பாடுனதாவது கேட்டுச்சா சித்தப்பா?" என்றேன்.

"அவ்ளோ சத்தத்துல கொழந்தைங்க கொரலு எனக்குப் பிரிஞ்சி வராது கண்ணு. உன் வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ மூடனதும் நான் எடுக்கணும்ல?"

அன்று பாடும்போது நானும் அதைக் கவனித்தேன். சர்ச்சில் அத்தனை பேர் இருக்க, சித்தப்பா மட்டும் கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பாட்டில் மயங்கி நிற்கிறார் என்று நினைத்தேன். அவருக்காகவே கடைசி வரியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாடினேன்.