அலமாரிக் கதவின் உட்புறம்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னின் ஓக்லியில் ஒரு பலகை வீட்டை அப்பா வாடகைக்கு எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குக் கிடைத்த அறையில் சுவரோடு சேர்த்துச் செய்த உடுப்பு அலமாரி ஒன்று இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் எல்லாவற்றுக்கும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார்; அந்த அலமாரிக் கதவின் உட்புறத்தை மட்டும் விட்டுவிட்டார். அங்கே பென்சிலால் எழுதிய ஒரு நேர அட்டவணை இருந்தது.

காலை ஆறு மணிக்கு இரசாயனம். பின்னேரம் நாலு மணிக்குப் பௌதிகம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணிதம். ஒரு பெண்ணின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. அதற்குக் கீழே மூன்று வரிகள்: ஒன்று, நகரத்துப் பழைய பல்கலைக்கழகத்தில் மருத்துவம். இரண்டு, எங்கள் பக்கத்துப் புதிய பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மூன்று, அதே புதிய இடத்தில் விஞ்ஞானம். மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு அம்புக்குறி மேல்நோக்கிப் போனது. மருத்துவம் நேரடியாகக் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் விஞ்ஞானம் படித்து, நல்ல புள்ளிகள் எடுத்து, அதற்குள் மாறலாம் என்பதுதான் அந்த அம்புக்குறியின் அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அட்டவணை நன்றாக இருந்தது. அதனால் அந்த வருடம் முழுவதும் நானும் அதன்படியே படித்தேன். விண்ணப்பப் படிவம் நிரப்புகிற காலம் வந்தபோது என்னுடைய மூன்று விருப்பங்களை அவளுடைய வரிகளுக்குக் கீழே எழுதினேன். அதே வரிசை. அம்புக்குறியையும் போட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது என் எழுத்தும் சாய்ந்திருப்பதைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் நான் நேராக எழுதுகிறவள்.

அட்டவணை எழுதியவளுக்கு எப்போதாவது கடிதம் வரும். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து, திருப்பிக் கொடுக்காத புத்தகங்களைக் கேட்டு. அப்பா உறையின் மேல் 'இங்கே இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அப்படித்தான் அவளுடைய பெயர் எனக்குத் தெரிந்தது.

ஜனவரியில் பரீட்சைப் பெறுபேற்றுத் துண்டு தபாலில் வந்தது. இரசாயனம் நான் நினைத்ததைவிடக் குறைவு. அந்தத் துண்டை அலமாரியில் மடித்த சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இன்னும் தபால் வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். இரண்டு நாள் அப்படியே சொன்னேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. மூன்றாம் நாள் அப்பா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரிக்கப் போகிறார் என்றதும்தான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. புதிய பல்கலைக்கழகம் விஞ்ஞானத்துக்கு இடம் தந்திருந்தது. அப்பா வற்புறுத்தித் தனியாக விண்ணப்பிக்கவைத்த சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்று நேரடியாக மருத்துவத்துக்கே இடம் தந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குப் பதில் போட வேண்டும்.

"சிட்னியில ஸ்ட்ராத்ஃபீல்ட் அங்கிள் வீடு இருக்குத்தானே" என்றார் அப்பா, ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த தன் சிநேகிதரை நினைத்து.

"குமர்ப்பிள்ளையை ஆரோ ஒராளின்ர வீட்டில விடச் சொல்லுறியளோ?" என்றார் அம்மா. "இங்க பஸ்ஸில போய்ப் பஸ்ஸில வரலாம். ஒரு வருசம்தானே. பிறகு மாறலாம் எண்டு அவையளே எழுதியிருக்கினம்."

எனக்கும் வீட்டை விட்டுப் போகப் பயம். அம்மா சொல்வதே சரி என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை கடும் வெயில். வடக்கிலிருந்து சுடுகாற்று அடித்தது. தெருவில் ஒரு சனம் இல்லை. நான் வலைக்கதவுக்குப் பின்னால் நின்று தபால்காரன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் கையுறை போட்டிருந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு மெதுவாகத் துழாவினாள். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். வலைக்குப் பின்னால் நான் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன்.

அவள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நூலகக் கடிதங்களில் இருந்த பெயர்.

"யெஸ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் ஓடி வந்தாள். படியில் ஏறி, முகத்தை வலையோடு ஒட்டி என்னைப் பார்த்த பிறகுதான் அவளுடைய முகம் மெல்ல மெல்ல இறங்கியது. மன்னிக்கச் சொன்னாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். தான் முன்பு இந்த வீட்டில் இருந்ததாகவும், மகள் கடிதம் போட்டால் இந்த விலாசத்துக்குத்தான் போடுவாள் என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். மகளுக்குப் புது விலாசம் தெரியாது.

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தார். வெயிலில் நின்றவளை உள்ளே வரச் சொன்னார். அவள் கதிரையில் இருக்கவில்லை. நேராக என் அறைக்குப் போனாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசிக்காமலே அலமாரியைத் திறந்தாள். கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிக்குக் கீழே விரல் நின்றது.

"இது அவள் எழுதியதல்ல" என்றாள்.

"என்னுடையது."

"உனக்கு எது கிடைத்தது?"

"விஞ்ஞானம்" என்றேன். சிட்னியைப் பற்றிச் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

அவள் என் கட்டிலில் இருந்தாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். மகளுக்கும் விஞ்ஞானம்தான் கிடைத்தது. ஒரு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்தாள். வருட முடிவில், மருத்துவத்துக்கு மாற இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். வீட்டில் கேக் வெட்டினார்கள். வெள்ளைக் கோட் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் தினமும் காலையில் கோட்டையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் களைத்து வந்தாள். சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு வெட்டிப் பார்த்த உடலைப் பற்றிச் சொல்வாள். அந்த உடல் ஒரு கிழவருடையது என்றும், அவருக்கு நகங்கள் நீளமாக இருந்தன என்றும் சொல்வாள்.

"ஒக்டோபரில் ஒரு காலை போனவள் திரும்பி வரவில்லை" என்றாள். "பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணினோம். அப்படி ஒரு மாணவி மருத்துவத்தில் இல்லை என்றார்கள். ஒருநாளும் இருந்ததில்லை என்றார்கள்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அந்தக் கோட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் தோய்த்தேன். அதில் ஒருநாளும் அழுக்கிருக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்." தேத்தண்ணியைக் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தாள். "அத்தனை மாதமும் பகல் பொழுதுகளில் அவள் எங்கே இருந்தாள் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது."

அதன் பிறகு, அவர்கள் இந்த வீட்டை விடுமுன், இரண்டு தபாலட்டைகள் வந்தனவாம். நலம் என்று மட்டும் எழுதி, விலாசம் இல்லாமல். அவள் எழுந்து, தன் புது விலாசத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மா கனநேரம் என் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. பிறகு படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"றிசல்ட்டை ரண்டு நாள் ஒளிச்சு வைச்சனி, என்ன?"

"எப்பிடித் தெரியும்?"

"சேலையை மடிச்சு வைக்கேக்க கண்டனான். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்பா வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அம்மா சொன்னார்: "இவள் சிட்னிக்குப் போகட்டும். அங்கிளுக்கு எழுதுங்கோ."

"நேற்று மாட்டன் எண்டனீர்?"

"இண்டைக்குச் சொல்லுறன். இந்த அறையில இருந்து இவள் அதே படிப்பைப் படிக்க வேண்டாம்."

அந்தப் பெண்ணின் மகள் பயந்ததைப் போலவே நானும் பயந்தவள் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. மாற இடம் கிடைக்காமல் போயிருந்தால் நானும் கிடைத்தது என்றுதான் சொல்லியிருப்பேன். என்ன சொற்களில் சொல்லியிருப்பேன் என்றுகூட எனக்குத் தெரிந்தது.

சிட்னியில் எனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் உயிர் இரசாயனத்தில் தவறினேன். நாலு நாள் யாருக்கும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஐந்தாம் நாள், நான் தங்கியிருந்த அங்கிள் வீட்டு அன்ரியின் போனில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"சரி. திருப்பி எடுக்கலாம்தானே. சாப்பிட்டியோ?" என்றார் அம்மா.

அழுதுவிட்டேன். அந்தப் பரீட்சையைத் திரும்ப எடுத்துச் சித்தியடைந்தேன். பிறகு மற்றவர்களைப் போல டொக்டராக வெளியே வந்தேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். என் வெற்று அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள் என்று அம்மா கடிதங்களில் எழுதுவார். 'உம்மட மகள் எழுதுறாளோ எண்டு ஒவ்வொரு முறையும் கேக்கிறா. ஓம் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு' என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

ஒரு குளிர்காலத்தில் அவள் வருவது நின்றுபோனது. ஆறேழு வாரம் பார்த்துவிட்டு, அவள் எழுதிக் கொடுத்த விலாசத்தைத் தேடி அம்மா இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் ஒருநாள் காலையில் ஒரே ஒரு பெட்டியோடு காரில் ஏறிப் போனார்கள், தளபாடங்களைக்கூட எடுக்கவில்லை, எங்கே என்று சொல்லவுமில்லை என்றார்களாம்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இதை எனக்குச் சொன்ன அம்மா, "மகள் கூப்பிட்டிருப்பாள். அதுதான் போயிருக்கினம்" என்றார்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

"வேற என்னவா இருக்கப்போகுது?" என்றார் அம்மா. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, நான் நம்பித்தான் சொன்னேனா என்று தேடுவதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.