மூன்றாவது மென்பொருள்

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவர். யார் கடையிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. காலித் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு தன் பெட்டியிலிருந்து எடை தெரிந்த கல்லை எடுத்துத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்ப்பார். ஒரு மூலையில் பிசகினாலும் முத்திரை கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, மிரட்டினாலும் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற மறு வருடமே இந்தக் காரியத்தைச் செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைப் பார்த்துத்தான் ஊர் சிரித்திருக்கும்.

அவர் மனைவி ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி வலது தோள் போயே போய்விட்டது. தலை வாரக்கூடக் கை மேலே எழும்பாது. ஆனால் முழு ஓய்வூதியம் வர இன்னும் மூன்று வருடம் பாக்கி. நடுவில் விட்டால் கால்வாசிகூடத் தேறாது. ஒரு நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததைப் பார்க்கச் சகிக்காமல், "அந்த மூணு வருஷத்த நான் பாத்துக்கறேன்" என்று தராசு வாய்விட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியாது.

வழி பத்திரிகையில் கிடைத்தது. செம்பை இரண்டு மாதம் கழித்து வாங்குவதாக இன்றே விலை பேசிக்கொள்கிற ஃப்யூச்சர்ஸ் வியாபாரம். கட்டுகிற முன்பணம் சின்னது, பொறுப்பேற்கிற சரக்கு பெரியது. விலை எதிர்ப்பக்கம் திரும்பினால் கட்டியதும் போய், இன்னும் கட்டு என்று கழுத்தில் துண்டைப் போடுவார்கள். தராசு அதற்கு ஒரு விதி வகுத்தார். மாலையில் சந்தை மூடும்போது விலை கடந்த பத்து நாள் உச்சத்தைத் தாண்டியிருந்தால் வாங்குவது, பத்து நாள் அடிமட்டத்துக்குக் கீழே போனால் விற்பது. அவ்வளவுதான்.

மனைவியின் தம்பி கணினி வேலையில் இருப்பவன். "மாமா, எடுத்த எடுப்புல பணத்தப் போடாதீங்க. பழைய வெலையில உங்க விதிய ஓட்டிப் பாக்கறதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு" என்றான். நல்ல யோசனைதான். வினையும் அதன் கூடவே வந்தது.

முதல் மென்பொருள் விலை அதிகம். பதினைந்து நாள் இலவசமாகத் தந்தார்கள். பதினைந்து வருட செம்பு விலையில் ஓட்டிவிட்டு, கமிஷனும் கழித்து, போட்டதில் கொஞ்சம் போய்விடும் என்று கோடு வரைந்து காட்டியது. இரண்டாவது இலவசம், ஆனால் கட்டளைகளை நாமே எழுத வேண்டும். மூன்று வாரம் மல்லுக்கட்டி எழுதினார். அதுவும் அதையேதான் சொன்னது. மூன்றாவதில் நான்கு பொத்தானைத் தட்டினார். கோடு இடது மூலையில் புறப்பட்டு வலது மூலைக்கு ஏறியது, எங்கும் மூச்சு வாங்கவே இல்லை.

இரண்டு தராசு ஒரே எடையைக் காட்டி, மூன்றாவது மட்டும் வேறு காட்டினால் எதைச் சந்தேகப்பட வேண்டும்? இதை ஊரிலுள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் அவரே பாடம் எடுத்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம். மூன்றாவதை விலை கொடுத்து வாங்கினார். மற்ற இரண்டையும் கணினியிலிருந்தே அழித்தார்.

"மாமா, எதுக்கும் விடை தெரிஞ்ச கணக்கு ஒண்ண அதுல போட்டுப் பாருங்களேன்" என்றான் மைத்துனன், தொலைபேசியில்.

"சோதிக்கறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

வைத்துவிட்டார். அதன் பிறகு அவன் பேசவில்லை.

மனைவி வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்தக் கோட்டைப் பார்க்க உட்காருவாள். "இஸ்திரி போட்ட மாதிரி இருக்குங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிவதைப் பார்க்க அவருக்கு ஆசை. தினமும் அவள் வருவதற்குள் கணினியைத் திறந்து வைத்திருப்பார்.

அன்று வியாழக்கிழமை, மறுநாள் முன்பணம் கட்டவேண்டும். மதியச் சாப்பாடு முடிந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழக்கதோஷம்தான், வேறென்ன. கோட்டிலிருந்து ஒரே ஒரு வியாபாரத்தை எடுத்து, அந்த நாளின் விலைகளைத் தாளில் எழுதிக் கையால் கணக்குப் போட்டார். மாலையில்தான் விலை உச்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் வாங்கியதாக மென்பொருள் காட்டியது அன்று காலைத் திறப்பு விலையில். மாலையில் தாண்டப்போகிறது என்று காலையில் யாருக்குத் தெரியும்? இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. பத்துப் பார்த்தார். ஓடி முடிந்த பந்தயத்தில் ஜெயித்த குதிரைமேல் பணம் கட்டிக்கொண்டிருந்தது மென்பொருள்.

அமைப்புகளுக்குள் போய்த் தேடினார். 'அதே நாள் விலையில் நிறைவேற்று' என்று ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அவர் போட்டதில்லை, வாங்கும்போதே இருந்தது. அதை எடுத்துவிட்டு ஓட்டினார். கோடு தள்ளாடிப் போய்க் கீழே படுத்தது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. அவள் ஆறு மணிக்கு வருகிறவள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சலவைக்கூடத்து அலமாரியில் கிடந்த செருப்பும் டம்ளரும்.

"லெட்டர் குடுத்துட்டேங்க."

"என்ன லெட்டர்?"

"வேலைய விட்டுட்டேன். இன்னைக்குத் தோள் ரொம்பப் படுத்திருச்சு. நீங்கதான் நாளைக்குப் பணம் கட்டப்போறீங்களே, இனி எதுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டுன்னு குடுத்துட்டேன். உடனே கையெழுத்துப் போட்டு, என் எடத்துக்கு ஒரு பொண்ணையும் எடுத்துட்டாங்க. அவளுக்கு மடிக்கக்கூடக் காட்டிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் வேலைநாளின் பகல் வெளிச்சத்தில் அவள் இந்த அறையில் நின்று அவர் பார்த்ததில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஏன் கோடு இப்படிக் கெடக்கு?"

சொல்ல வாயெடுத்தார். அவள் வலது கை பையின் காதிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன. அவருடைய கை கட்டத்துக்குப் போய் டிக்கைப் போட்டது. கோடு எழுந்து மூலைக்கு ஏறியது.

"அப்பாடா!" என்றாள். "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். நாளைக்கு எத்தன மணிக்குப் போறீங்க?"

"பத்து மணிக்கு" என்றார் தராசு.