கடலை மணமும் பொன்னுத்துரை அண்ணனும்

பொன்னுத்துரை அண்ணன் தவறிவிட்டார் என்று போன வியாழக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போன் வந்தது. எடுத்தவள் நான்தான். பிற்பகலில் சிராங்கூன் சாலைக் கடைக்குப் போனபோது, முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம், "வெளிநாட்டு சென்ட்டைப் பாத்து அப்படியே செஞ்சிடுவாரு லா" என்று அண்ணனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனம் பொறுக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் எதையும் பார்த்துச் செய்யவில்லை.

அவர் சென்ட் கலப்பவர். நான் புட்டியில் அடைப்பவள். ஐம்பதுகளின் கடைசியில், மல்லிகையும் ரோஜாவும் கலந்து சலித்துப்போய், வறுத்த கடலையின் மணத்தைச் சென்ட்டில் கொண்டுவந்தே தீருவேன் என்று கிளம்பினார். முதலில் கடலையையே வறுத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்தார். சில நாளில் காறல் வாடை அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர், கடலையைக் கச்சான் என்பார். "கச்சானைப் போட்டால் கச்சான் மணக்காது, பிள்ளை. வேறை சாமானாலதான் அந்த மணத்தை உண்டாக்க வேணும்" என்றார். கசப்பு வாதுமை எண்ணெய், சந்தனம், வெனிலா, காப்பிக்கொட்டை ஊறிய ஸ்பிரிட் என்று மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கலந்தார். கடைசியில் எனக்கு ஒரு சின்னப் புட்டி கொடுத்தார். சூடான கடலை மணம். அது அடங்கியதும் தோலோடு ஒட்டிய ஓர் இனிப்பு.

முதலாளி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர் வாயில் கடலைக்கு மலாய்ப் பெயர்தான், கச்சாங். "கச்சாங் பூசிக்கிட்டு யாரு லா கல்யாணத்துக்குப் போவா?" என்னைப் பார்த்து, "நீ பூசுவியாம்மா?" என்றார்.

"மாட்டேன், முதலாளி."

அண்ணன் புட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, முதலாளி ஒரு வெளிநாட்டுப் புட்டியோடு ஓடிவந்தார். "இதே மாதிரி வேணும்!" ஏறக்குறைய அதே கடலை மணம். அண்ணன் பழைய கலவையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது அப்பவே செய்தது, முதலாளி."

"சரி லா, அதையே ஊத்துங்க."

நன்றாக விற்றது, வெளிநாட்டுச் சரக்கின் நகல் என்ற பெயரில். அண்ணன் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. உண்மையை ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அப்படிக் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

போன வருடம், குவீன்ஸ்டவுனுக்குப் போகும் பஸ்ஸில், ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "முதலாளி பூசுவியான்னு கேட்ட அன்னிக்குப் பொய் சொல்லிட்டேண்ணே. அதைப் பூசிக்கிட்டுத்தான் வந்திருந்தேன்."

"தெரியும், பிள்ளை. பக்கத்திலதானே நிண்டனான். மணந்தது."

தெரிந்தே அத்தனை ஆண்டுகள் என்னோடு முகம் கோணாமல் வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பதில்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.